எட்டும் இருபதும்

ரியாத்திலிருந்து திரும்பிய என் தம்பி, ரமளானின் முதலிரவில் 8 ரக்அத் தராவீஹ் முடிந்ததும் ஸஃப்பை விட்டு வெளியேறினான். 20 ரக்அத் தொழுதே பழகிய அத்தா அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மார்க்கம் கற்பிக்கும் நானோ, ‘வழிகெட்டவன்’ என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

அவன் பெரிதும் மதிப்பது இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களை. அவர்களுடைய ஃபத்வாத் தொகுப்பைப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். 20, 36, 11 என எத்தனை ரக்அத் தொழுதாலும் நன்றே என்று எழுதியிருக்கிறார்கள்! மறு ரமளானுக்கு முன் அப்பக்கத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதலிரவில் தம்பி எட்டோடுதான் நிறுத்தினான். ஆனால் போய்விடவில்லை; பின்சுவரோரம் அமர்ந்து காத்திருந்து, அத்தாவைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தான்.