காய்ச்சல்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க சார்

ஆன்லைன் தேர்வு வந்தாலே அரசு மருத்துவமனை ஓ.பி.க்கு ஒரு புது நோய் வரும். பேரு "பரீட்சை அன்னைக்கு காய்ச்சல்". பழனி மலைப் பக்கம் வேலை பார்த்த டாக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். அதைப் பத்தி ஒரு த்ரெட். காலேஜ் படிக்கிற தம்பி தங்கச்சிகளும், முக்கியமா விதி போடுற காலேஜ்காரங்களும் படிங்க.

கொரோனா நேரத்துல தமிழ்நாட்டுல ரெண்டு மாதிரி ஆன்லைன் தேர்வு பார்த்தோம். 2021 தொடக்கத்துல அண்ணா பல்கலைக்கழகம் நடத்தினது ஒண்ணு. கேமரா முன்னாடி உட்காரணும், சாஃப்ட்வேர் கண்காணிக்கும். முறைகேடு சந்தேகம்னு நிறைய பேரோட ரிசல்ட்டை நிறுத்தி வச்சாங்க. பெரிய பிரச்சினையாகி அந்த மே மாசம் மறுதேர்வு அறிவிச்சாங்க.

இன்னொண்ணு 2022 பிப்ரவரியில நடந்தது. நேரடித் தேர்வு வேண்டாம்னு மாணவர்கள் ரோட்டுக்கு வந்து போராடினாங்க, பின்னாடியே ஒமைக்ரானும் வந்துச்சு. கேள்வித்தாள் போன்ல வரும். வீட்டுல உட்கார்ந்து ஏ4 தாள்ல எழுதணும். பக்கத்துக்குப் பக்கம் பதிவு எண், கையெழுத்து. ஸ்கேன் பண்ணி பிடிஎஃப் ஆக்கி ஏத்தணும். அதுக்கு மேல அந்தத் தாளையே தபால்லயும் அனுப்பணும். "ஆன்லைன்னு சொல்லிட்டு போஸ்ட் ஆபீஸ் எதுக்கு?"ன்னு அன்னைக்கு கிண்டல் பண்ணாதவங்க கிடையாது.

இப்ப மலைக்கு வருவோம். 1984ல தொடங்கின அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானல்லதான் இருக்கு. அட்டுவம்பட்டிக்குப் போனா பார்க்கலாம். பல்கலைக்கழகம் மலை ஏறி வந்துருச்சு, சிக்னல்தான் வரல. டவுனைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர், கிளாவரைன்னு போகப் போக டவர் வளைவுக்கு வளைவு மாறும். மேகம் இறங்கிட்டா கரண்டும் போயிரும்.

அந்த பிப்ரவரியில மேல்மலையில இருந்து ஒரு பொண்ணும் அவங்க அப்பாவும் வந்தாங்க. பூண்டு போடுற குடும்பம். பொண்ணு கீழ ஒரு காலேஜ்ல படிக்குது. தேர்வை முழுசா எழுதிருச்சு, பிடிஎஃப் மட்டும் ஏறல. போனைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடி, அங்க சிக்னல் கிடைக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சு லிங்க்கை மூடிட்டாங்க.

"அன்னைக்கு காய்ச்சல்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க சார். நெட்வொர்க் இல்லன்னு சொன்னா எடுத்துக்க மாட்டாங்களாம், காய்ச்சல்னா எடுத்துக்குவாங்களாம்"னு அப்பா சொன்னார்.

இதை ரெண்டு தடவை படிங்க. அந்தப் பொண்ணு காப்பியடிக்கல. வாட்ஸ்அப் குரூப்ல விடை வாங்கல. நேர்மையா எழுதுன பிள்ளையை அந்த விதி பொய் சொல்லச் சொல்லுது. அந்தப் பொய்க்கு டாக்டர் கையெழுத்தும் கேட்குது. விடுப்புக் காரணம்னு உடம்பு சரியில்லாததை மட்டும் ஒத்துக்குற எந்த விதியும் இதைத்தான் செய்யும்.

நான் குடுக்கல. இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள்படி பொய் சான்றிதழ் குடுத்தா பதிவேட்டுல இருந்து டாக்டர் பேரையே நீக்கலாம். சான்றிதழுக்குன்னு தனி ரிஜிஸ்டர், அங்க அடையாளம், நகல் எல்லாம் நாங்க வச்சிருக்கணும். "அப்பா ரொம்ப கெஞ்சினார்"னு எழுத அதுல காலம் கிடையாது.

"தாளை என்னம்மா பண்ணுன?"ன்னு கேட்டேன். அன்னைக்கு சாயங்காலமே ஸ்பீட் போஸ்ட்ல போட்டுருச்சாம், ரசீது பையில இருந்துச்சு! போன் கேலரியில ஒவ்வொரு பக்கத்தோட போட்டோவும் எடுத்த நேரத்தோட இருந்துச்சு. நடந்ததை நடந்தபடி துறைத் தலைவர் வழியா தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதச் சொன்னேன். ரசீது நகல், போட்டோ நேரம், எந்த ஊர்ல இருந்து எழுதுனோங்கிறது எல்லாம் சேர்த்து. பேப்பரை எடுத்துக்கிட்டாங்கன்னு ரெண்டு வாரம் கழிச்சு அப்பா போன் பண்ணினார்.

எல்லாரும் கிண்டல் பண்ண அந்த தபால் விதிதான் அந்தப் பொண்ணைக் காப்பாத்துச்சு. இதே பொண்ணு கேமரா தேர்வு எழுதியிருந்தா? வீடியோ பாதியில நிக்கிறதுக்கு காரணம் திருட்டுத்தனமா, கிளாவரை டவரான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?

"வீட்டுல எழுதுனா திருடத்தான் செய்வாங்க, ஹால்ல வச்சா சரியாயிரும்"னு சொல்றவங்களுக்கு ஒரு ஞாபகம். மலைக்கு அந்தப் பக்கம் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில 2019ல நீட் ஆள்மாறாட்டம் பிடிபட்டுச்சு. அது ஹால்ல, சோதனை போட்டு உள்ள விட்டு நடத்துன தேர்வு.

அதுக்காக வீட்டுல எழுதுறவங்க எல்லாரும் உத்தமர்னு நான் சொல்லல. புத்தகத்தைத் திறந்து வச்சு எழுதலாம்னு விட்டா, அது நீங்க தேடி நீங்க எழுதுறதுக்குத்தான். ஒரே எழுத்துப்பிழை பத்துப் பேர் தாள்ல வந்தா திருத்துறவங்களுக்குத் தெரியாதா? இப்ப சாட்ஜிபிடியும் சேர்ந்துருச்சு. எதைப் பயன்படுத்தலாம், எது கூடாதுன்னு காலேஜ் எழுத்துல தரணும். தரலன்னா தேர்வுக்கு முன்னாடியே கேட்டு வாங்குங்க.

காலேஜ்காரங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. "நெட்வொர்க் கிடைக்கல"ங்கிறதுக்கு உங்க விதியில ஒரு இடம் வைங்க. யாருக்கு, எத்தனை மணிக்குள்ள, என்ன ஆதாரத்தோட சொல்லணும்னு போடுங்க. போன்கூட பேச முடியாத ஊர்ல எஸ்எம்எஸ் போகும், அதையும் சேருங்க.

தம்பி தங்கச்சிங்களா, உண்மையிலேயே காய்ச்சல்னா அன்னைக்கே வாங்க. தேதி போட்ட ஓ.பி. சீட்டை பத்திரமா வைங்க. பத்து நாள் கழிச்சு வந்து பழைய தேதிக்குக் கேட்டா, நான் உங்களைப் பார்க்காத நாளுக்கு என்னால எழுத முடியாது.