புரட்சி எங்கே என்று கேட்கும் பாட்டு

கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தோம். கூட வந்த மாணவத் தோழர் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "அண்ணா, இதக் கேளுங்க. நமக்குன்னே போட்ட பாட்டு மாதிரி இருக்கு."

டெபெஷ் மோட் குழுவின் 'வேர்ஸ் தி ரெவல்யூஷன்'. இங்கிலாந்தின் பாசில்டன் நகரத்துப் பையன்கள் 1980இல் சிந்தசைசர்களோடு தொடங்கிய குழு. இந்தப் பாட்டு 2017 பிப்ரவரி 3 அன்று வந்தது. தாளம் மெதுவானது, கனமானது. உங்களை ஏய்த்துவிட்டார்களே, உங்கள் புரட்சி எங்கே, என்னை ஏமாற்றிவிட்டீர்களே என்று டேவ் கஹான் மக்களைப் பார்த்துக் கேட்கிறார். ஆன்டன் கோர்பைன் எடுத்த வீடியோவில் மார்க்ஸ் மாதிரி தாடி வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மெட்டு எனக்கும் பிடித்தது. ஆனால் அந்தக் கேள்வி உறுத்தியது. பாட்டு வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஜனவரி 21 அன்று, வாஷிங்டனிலும் உலகின் பல நகரங்களிலும் பெண்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கியிருந்தார்கள். பாட்டை அதற்கு முன்பே பதிவு செய்திருப்பார்கள், அந்த நியாயத்தைக் கொடுத்துவிடலாம். ஆனாலும் மேடையில் நின்று "மக்கள் ஏன் எழவில்லை?" என்று கேட்பவர்களை நமக்குத் தெரியும். ஊர்வல அனுமதிக்காகக் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அதே பிப்ரவரியில் ரிச்சர்ட் ஸ்பென்சர் என்ற அமெரிக்க வெள்ளை இனவாதி, தங்கள் இயக்கத்தின் அதிகாரப்பூர்வ இசைக்குழு டெபெஷ் மோட்தான் என்றார். குழு உடனே மறுத்தது. அந்த ஆளுக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றது. மறுத்தது சரி. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஏய்த்தவன் யார், ஏய்க்கப்பட்டவன் யார் என்று சொல்லாமல் 'புரட்சி' என்று மட்டும் கூப்பிட்டால், அந்த வண்டியில் யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம் அல்லவா? தன்னையே ஏமாற்றப்பட்டவனாக நினைத்துக்கொண்டுதான் வெள்ளை இனவாதியும் அலைகிறான். ஆதிக்கம் பறிபோய்விடுமோ என்று பயப்படுபவனும் தன்னைப் பாதிக்கப்பட்டவன் என்றுதான் சொல்லிக்கொள்வான்.

இவர்களுடைய இன்னொரு பாட்டு 1984இல் வந்த 'பீப்பிள் ஆர் பீப்பிள்'. இரும்பில் தட்டுவது போன்ற ஓசைகளைச் சாம்ப்ளரில் ஏற்றிச் செய்த இசை. நிறமும் நம்பிக்கையும் வேறாக இருப்பதற்காக ஒரு மனிதன் இன்னொருவனை ஏன் வெறுக்க வேண்டும் என்று பச்சையாகக் கேட்கிறது. மேற்கு ஜெர்மனியில் முதலிடம், பிரிட்டனில் நான்காமிடம். ஆனால் எழுதிய மார்ட்டின் கோருக்கே பிறகு அது பிடிக்காமல் போனது. ரொம்ப நேரடியாக இருக்கிறதாம். 1988 சுற்றுப்பயணத்தோடு மேடையில் பாடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

இதைப் படித்தபோது பழைய நினைவு ஒன்று வந்தது. என் முதல் கட்டுரையை ஒரு பத்திரிகை, "கோஷம் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் பூடகமாக எழுதுங்கள்" என்று திருப்பி அனுப்பியது. பல நாள் வெட்கப்பட்டேன். வாக்கியங்களைப் பூசி மெழுகினேன். அடித்தவன் யார் என்பதே காணாமல் போன பிறகு பிரசுரமானது. இன்றைக்கும் அதை எடுத்துப் படிக்க மனம் வருவதில்லை.

அந்த 1984 பாட்டும் முழுசாகச் சரி என்று சொல்ல மாட்டேன். வெறுப்பு ஏதோ புரியாத மர்மம் போல அதில் வருகிறது. வெறுப்பால் நிலமும் கூலியும் மரியாதையும் யாருக்கு மிஞ்சுகிறது என்று பார்த்தால் மர்மம் ஒன்றுமில்லை. ஆனாலும் அதைத் தன் பாட்டு என்று பாட ஸ்பென்சருக்கு நாக்கு வராது. எழுதியவருக்கே கூச்சமாகிப்போன அந்த நேரடித்தனம்தான் அதற்கு வேலி.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிண்ணா, ஆனா பீட் நல்லாருக்குல்ல?" என்றார். நல்லாத்தான் இருக்கிறது. பேருந்தில் ஏறியதும் 1984 பாட்டைத் தேடி எடுத்தார். திரும்பவும் ஒரு இயர்போன் என் காதுக்கு வந்தது.