அப்பத்தாவின் பிரஷரும் அதிமதுரமும்

இரண்டாம் வருடப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி ஒன்று வந்தது. அதிமதுரத்தின் பயன்களும் பக்கவிளைவுகளும் எழுதுக. தொண்டைக்கு நல்லது, வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று எழுதிவிட்டு, கடைசியில் 'அதிகம் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் கூடும்' என்று முடித்திருந்தேன். நாலு மார்க் போட்டார்கள். அதற்கு அடுத்த வருடம் நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ அதிமதுரம் வாங்கி, பிரஷர் மாத்திரை சாப்பிடும் என் அப்பத்தாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பி.பார்ம் படிக்கிற பேரன்! சிரிக்காதீர்கள், எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். அப்பத்தாவுக்கு 160/95 இருந்தது. டாக்டர் எனலாப்ரில் எழுதிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் 140க்கு இறங்கிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கூடவே ஒரு இருமல் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டையில் தூசி விழுந்த மாதிரி ராத்திரி முழுக்க 'கொக் கொக்'. பனி என்றார்கள், வயசு என்றார்கள். இரண்டு பாட்டில் டானிக் காலியானது. அப்புறம்தான் என் அதிமதுரம். தட்டிப்போட்டுக் காய்ச்சி காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். நடுவில் சும்மா இருக்கும்போது ஒரு துண்டு வாயில். இனிப்பாக இருக்குமே, அப்பத்தாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 178/100. காலில் வீக்கம் வேறு.

வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பித்தது. சித்தி ஊறுகாய் ஜாடியைத் தூக்கி மேலே வைத்தார். கருவாடு நின்றது. அப்பா தினமும் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தார். அப்பத்தா ஒருநாள் என்னிடம், "நான் என்ன திருடியாடா? முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டச் சொல்றான் ஒங்கப்பன்" என்றது. எண்பதை நெருங்குகிறவர் சொல்லவேண்டிய வாக்கியமா அது? நானும் அப்பா பக்கம்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் என்றால் கோபம், டென்ஷன், உப்பு என்றுதான் நம் ஊரில் பேச்சு. உள்ளே அது பெரும்பாலும் சிறுநீரகமும் ஹார்மோன்களும் பேசிக்கொள்கிற சமாச்சாரம். தன் வழியாக ஓடும் ரத்தம் குறைகிறது என்று சிறுநீரகத்துக்குத் தோன்றினால் அது ரெனின் என்ற பொருளை விடும். (1898லேயே ஸ்வீடனில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயல் சிறுநீரகத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். பல வருடங்களுக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை.) ரெனினால் ஆஞ்சியோடென்சின்-1 உருவாகும். அதை ஏசிஇ என்ற நொதி, முக்கியமாக நுரையீரல் ரத்தக்குழாய்களில், ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றும். இந்த இரண்டாமவர்தான் முரடர். ரத்தக்குழாயை இறுக்குவார். அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை விடச் சொல்வார். ஆல்டோஸ்டிரோன் போய் சிறுநீரகத்திடம் 'உப்பையும் தண்ணீரையும் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு' என்று சொல்லும். பிரஷர் ஏறும்.

எனலாப்ரில் செய்வது அந்த ஏசிஇ நொதியை மடக்குவது. இந்த வகை மருந்தின் பூர்வீகம் பிரேசில் நாட்டு ஜராராகா விரியனின் விஷம். செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில்காரர் 1960களில் அந்த விஷத்தில் என்ன கண்டார் தெரியுமா? பிராடிகைனின் என்ற பொருளை உடம்பு உடைக்கவிடாமல் அது தடுக்கிறது. பிராடிகைனின் ரத்தக்குழாயைத் தளர்த்தும். அதை உடைக்கிற நொதியும் ஆஞ்சியோடென்சின்-2ஐச் செய்கிற நொதியும் ஒன்றே என்று பிறகு தெளிவானது. அந்த வழியில் போய் ஸ்குவிப் கம்பெனியில் குஷ்மன், ஒண்டெட்டி இருவரும் கேப்டோப்ரிலைச் செய்தார்கள். 1981ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில் அதன் தம்பி.

இப்போது அப்பத்தாவின் இருமலுக்கு வாருங்கள். நொதியை மடக்கினால் பிரஷர் குறையும், சரி. கூடவே உடைபடாத பிராடிகைனின் சேர்ந்துகொண்டே போகுமே? அது தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் அரிப்பைக் கிளப்பும் என்பதுதான் இந்த வறட்டு இருமலுக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். சாப்பிடுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு வரும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். டானிக்கில் போகாது. மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் தானே போய்விடும். எங்கள் வீட்டில் மாத்திரையை யாரும் சந்தேகப்படவேயில்லை, இருமலைத்தான் துரத்தினோம்.

அதிமதுரம் செய்தது இன்னும் மோசம். ஆல்டோஸ்டிரோன் போய்ப் பூட்டைத் திறக்கிறதே, அதே பூட்டை கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனாலும் திறக்கமுடியும். ரத்தத்தில் கார்டிசால் ஆல்டோஸ்டிரோனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அப்படியானால் நம் எல்லோருக்குமே பிரஷர் எகிறவேண்டும் அல்லவா? எகிறாததற்குக் காரணம் சிறுநீரகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு காவல்கார நொதி. வருகிற கார்டிசாலை எல்லாம் அந்தப் பூட்டுக்குப் பொருந்தாத கார்டிசோனாக மாற்றி அனுப்பிவிடும். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் வயிற்றுக்குள் போனபின் இந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிடுகிறது. கார்டிசால் தாராளமாக உள்ளே வந்து ஆல்டோஸ்டிரோன் வேலையைப் பார்க்கும். உப்பு தங்கும், கால் வீங்கும், பொட்டாசியம் போகும்.

எனலாப்ரில் இதைத் தடுக்காதா? தடுக்காது. கண்மாயில் மடையை அடைத்துவிட்டோம், ஆனால் கீழே வாய்க்காலில் வேறொருவர் மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிறார். மடையை இன்னும் இறுக்கி என்ன பயன்? டோஸைக் கூட்டியும் பிரஷர் இறங்காததன் ரகசியம் இதுதான். இறங்கவில்லை என்று கூடவே ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்தது. அது தன் பங்குக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றும். ஒரு ராத்திரி இரண்டு கெண்டைக்காலும் பிடித்து இழுத்து, எழுந்து நிற்கமுடியாமல் அப்பத்தா கட்டிலோரம் சரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் 2.8. சாதாரணமாக 3.5க்குக் கீழே போகக்கூடாது, இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். டியூட்டியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு யாரும் கேட்காத ஒரு கேள்வியை அப்பத்தாவிடமே கேட்டார். "மாத்திரை தவிர வேற என்னம்மா சாப்பிடுறீங்க? கை வைத்தியம், கஷாயம், மூட்டு வலி மாத்திரை, எதுனாலும் சொல்லுங்க." அப்பத்தா பெருமையாக என்னைக் கைகாட்டி, "எம்பேரன் வாங்கிக் குடுத்த அதிமதுரம்" என்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்காததற்கு இன்றுவரை நன்றி.

மூட்டு வலி மாத்திரையை அவர் கேட்டதற்கும் காரணம் உண்டு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையறாக்களும் உப்பைத் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். கடையில் கேட்டாலே எடுத்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டும் அப்படித்தான். அதிமதுரத்தில் எவ்வளவு ஆபத்து என்று கேட்டால், எப்போதாவது தொண்டை கட்டினால் ஒரு துண்டு சுவைப்பதற்கு யாரும் பயப்படவேண்டியதில்லை. தினமும், மாதக்கணக்கில், அதுவும் பிரஷர்காரருக்கு என்பதுதான் சிக்கல். கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பாவில் சொல்லும் வரம்பு. அந்த 100 மில்லிகிராமே ஆரோக்கியமான இளைஞர்களுக்கும் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றுகிறது என்று 2024ல் ஸ்வீடனில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டு டம்ளரில் எத்தனை மில்லிகிராம் இருந்தது என்று யார் கண்டது.

அதிமதுரம் அன்றே நின்றது. பொட்டாசியம் ஏற்றினார்கள். எனலாப்ரிலுக்குப் பதில் லோசார்டான் வந்தது. அது நொதியைத் தொடாமல் ஆஞ்சியோடென்சின்-2 உட்காரும் இடத்தை மட்டும் மறிப்பதால் பிராடிகைனின் தேங்குவதில்லை. (மாற்றியது டாக்டர், நானல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவைக்காதீர்கள்.) மூன்றாவது வாரம் இருமல் போனது. காவல்காரன் முழுசாக விழிக்கவும் வடிந்துபோன ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவும் நாளாகும் என்றார்கள். அப்படியே இரண்டு மாதம் கழித்துத்தான் பிரஷர் 136/84க்கு வந்தது. நீர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

மாத்திரை அட்டையை எண்ணியது பற்றி அப்பா இதுவரை அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டார். போன லீவில் போனபோது நான் எல்லாவற்றையும் விளக்கி, தப்பு என்னுடையதுதான் அப்பத்தா என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், மிச்ச அதிமதுரம் அந்த டப்பாலதான் கெடக்கு. கீழ வீட்டு ராசாத்தி தொண்டைக்குக் கேட்டா, குடுக்கலாமா?" என்றது. ராசாத்தி அக்காவுக்கு பிரஷர் இருக்கிறதா என்று கேட்டுவரக் கீழே போனேன்.