முதல் பீர் எது? லாகர் வேண்டாம், பிட்டர் போடுங்க

தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்திருக்கும் ஜூனியர் டாக்டர் தம்பி ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டார்: "அண்ணா, வீட்லயே பீர் போடலாம்னு இருக்கேன். ஊர்ல கிடைக்கிற மாதிரி ஸ்ட்ராங் லாகர் வருமா? மெத்தனால் பயம் இருக்கா?" பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும், இங்கயே எழுதிடறேன்.

சட்டம் முதலில். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிக்க 1963 முதல் லைசென்ஸ் வேண்டாம். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஊர்ல இருக்கறவங்க படிச்சுட்டு மட்டும் போங்க.

மெத்தனால் பயம் நியாயமானதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்களே. ஆனா அது சாராயத்தில் கலந்த மெத்தனால். உடம்புக்குள்ள போய் ஃபார்மிக் அமிலமா மாறி பார்வை நரம்பைத் தாக்கும். பார்லியை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது பொருட்படுத்தும் அளவுக்கு மெத்தனால் உருவாகறதில்லை. பீர் நொதித்தலோட நின்னுடும். வீட்டில் வடிக்கற வேலையே வேண்டாம், இங்கயும் லைசென்ஸ் இல்லாம அது குற்றம்.

சரி, லாகர் ஏன் வேண்டாம்? லாகர் ஈஸ்ட்டுக்கு 10 டிகிரி செல்சியஸ் பக்கத்துல குளிர் வேணும், அப்புறம் வாரக்கணக்கில் சில்லுன்னு ஊறணும். அதுக்குன்னு தனி ஃப்ரிட்ஜ் வேணும். போதாததுக்கு, வெளிர் லாகர்ல சின்னக் குறைகூட நாக்குல தெரியும். ஸ்ட்ராங்கா போட்டா ஈஸ்ட் திணறும்.

என் ஓட்டு இங்கிலீஷ் பிட்டருக்கு. 4% பக்கம் ஆல்கஹால், கொஞ்சமா நுரை, ஹாப்ஸ் கசப்பு. ஏல் ஈஸ்ட்டுக்கு 18-20 டிகிரி போதும். நம்ம இட்லி மாவு பொங்காம அடம்பிடிக்கற அதே இங்கிலாந்து ஹால் இதுக்குக் கச்சிதம்! டின்ல வர்ற மால்ட் கிட் வாங்குங்க. 40 பைன்ட், அதாவது 23 லிட்டர் போடலாம். கருப்பு பிடிச்சவங்க ஸ்டவுட் போடலாம், வறுத்த பார்லி வாசனை பல குறைகளை மூடிடும்.

இட்லி மாவை நாம கையால கலக்கறோம், அதுல இருக்கற கிருமிதான் வேலை செய்யுது. இங்க நேர் எதிர். நாம போடற ஈஸ்ட் மட்டும்தான் உள்ள இருக்கணும். வாளி, குழாய், கரண்டி எல்லாத்தையும் கழுவி, சானிடைசர்ல நனைங்க. கிருமி புகுந்தா பெரும்பாலும் புளிச்சுப்போகும், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையான கவலை பாட்டில்தான். நொதித்தல் முடியறதுக்குள்ள அடைச்சா உள்ளே வாயு ஏறி கண்ணாடி வெடிக்கும். கண்ணுல சில்லு பாய்ஞ்சா பார்வையே போகலாம். ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்க. 1.040-ல் ஆரம்பிச்சது 1.010 பக்கம் இறங்கி, ரெண்டு மூணு நாள் அசையாம நிக்கணும். அப்பதான் அடைக்கணும். நுரைக்காக சேர்க்கற சர்க்கரையை ஸ்பூன்ல குத்துமதிப்பா போடாதீங்க, எடை போடுங்க. முதல் தடவை பிளாஸ்டிக் சோடா பாட்டில் எடுத்துக்கோங்க. அமுக்கிப் பார்த்தாலே உள்ளே வாயு எவ்ளோன்னு தெரியும்.

தம்பி, 40 பைன்டும் உங்களுக்கே இல்ல. 4% பைன்ட் ஒண்ணு 2.3 யூனிட், இங்க சொல்ற உச்சவரம்பு வாரம் 14. கல்லீரல் பிரச்சனை இருக்கறவங்க, கர்ப்பிணிகள், குடியை விட்டு வெளிய வந்தவங்க வீட்டில் இந்த வாளியே வேண்டாம்.

பாட்டில் அடைச்சு ரெண்டு வாரம் ஹால்லயே விடுங்க, அப்புறம் ஃப்ரிட்ஜ். எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க.