இடம் மாறிய துண்டு

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயரின் செல்களில் இயல்பைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றை, 1960இல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டனர். குறைந்த பகுதி எங்கே போயிற்று என்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் விடையில்லை. 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி, சாயமேற்றி எடுத்த ஒளிப்படங்களிலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து, வீட்டு உணவு மேசையில் வரிசைப்படுத்தினார். 22ஆம் குரோமோசோமின் துண்டு தொலையவில்லை. 9ஆம் குரோமோசோமில் ஒட்டியிருந்தது.

அந்த இடமாற்றத்தில் இரு மரபணுக்கள் இணைந்து, செல்லை ஓயாது பெருகத் தூண்டும் புரதத்தை உருவாக்குகின்றன. அதனை அடக்கும் இமாட்டினிப் 2001இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னை அலுவலகம் 2006இல் நிராகரித்தது; 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மாதம் இலட்ச ரூபாயைத் தாண்டிய மருந்தின் உள்நாட்டுத் தயாரிப்பு, சில ஆயிரங்களுக்குத் தொடர்ந்து கிடைத்தது.

இம்மாத்திரையை நாள்தோறும் உண்ண வேண்டும். அடிக்கடி தவறினால் நோய் மீளக்கூடும். ஆகவே தனுவச்சபுரம் போன்ற எல்லையோர ஊரிலிருந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு, முறிவிடத்தைக் கண்டறிந்த அறிவியலைப் போலவே அந்த விலையும் உயிர்காப்பதாகும்.