எனக்குப் பிடிக்கும்

போன வெள்ளி கோயில் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனால், மகள் அழுதுகொண்டிருந்தாள். உயர்நிலை 1 படிக்கிறாள். பள்ளி முடிந்து கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் மூன்றாம் மொழியாக ஸ்பானிஷ் படிக்கிறாள். "விட்டுடுறேன்பா" என்றாள்.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். படிப்பு உயர்நிலையோடு சரி. "எது புரியலம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மே குஸ்தா எல் கஃபே. காப்பி பிடிக்கும்னு அர்த்தம். ஆனா 'நான்' வராம 'எனக்கு'ன்னு வருது. இங்கிலீஷ்ல அப்படி இல்லையே."

"தமிழ்ல எப்படிம்மா சொல்லுவோம்?"

"எனக்குக் காப்பி பிடிக்கும்..." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அப்புறம் அவளே கண்டுபிடித்தாள். 'தூ' என்றால் நம்ம நீ, 'ஊஸ்தெத்' என்றால் நீங்க. 'ஆப்லோ' என்று மட்டும் சொன்னாலே 'பேசுறேன்'. 'நான்' தனியாக வேண்டாம்.

மேசை பெண்பாலாம், புத்தகம் ஆண்பாலாம். அதுக்கு நம்மகிட்ட வழி இல்லை, மனப்பாடம்தான். ஆனால் விடுறேன்னு அவள் திரும்பச் சொல்லவில்லை.

தமிழ் பேசினால் படிப்பு கெடும் என்று பயந்து, இத்தனை வருஷம் அவளிடம் அரைகுறை இங்கிலீஷில் பேசியவன் நான். இனிமேல் வீட்டில் தமிழ்தான். நீங்களும் பிள்ளைகளிடம் பேசுங்க.