ஆயிரம் படி இறங்கினோம்!

காரைக்கால்காரர்களுக்கு மலை என்பது காலண்டர் படத்தில் பார்க்கிற சமாசாரம். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் வயல். எங்கள் ஊருக்கு ஆறு கூட அவசரமில்லாமல்தான் வரும். காவிரியிலிருந்து பிரிகிற அரசலாறு கும்பகோணத்தைத் தாண்டி நிதானமாக வந்து, சத்தம் போடாமல் கடலில் கலந்துவிடும். அருவியா? மழை நாளில் மொட்டை மாடிக் குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரைத்தான் எங்கள் தெருக் குழந்தைகள் அருவி என்று சொல்லி நனைவார்கள்.

இந்த ஊரிலிருந்து 63 வயதான நானும், 58 வயதான என் நாத்தனாரும், காலேஜில் படிக்கிற அவள் மகளும் சென்ற தை மாதம் கொல்லிமலைக்குப் போய் ஆகாயகங்கை அருவியில் குளித்துவிட்டு வந்தோம். "இதென்ன அதிசயம், லீவு நாளில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே" என்பீர்கள். போகிறார்கள்தான். ஆனால் அந்த அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்க வேண்டும். என் நாத்தனாரோ மூன்று வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்காதவள்.

முழங்கால் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றையிலிருந்து குடும்பத்தோடு எங்கே போனாலும் அவள் வேலை மூட்டைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். "நீங்க எல்லாம் போயிட்டு வாங்க அண்ணி, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்பாள். நாங்களும் போய்விட்டு வந்து பிரசாதத்தை அவள் கையில் கொடுப்போம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு அக்காவோ சித்தியோ கட்டாயம் இருப்பார். யோசித்துப் பாருங்கள்.

கார்த்திகை மாதம் வேறு எதற்கோ டாக்டரிடம் போனபோது நான்தான் கேட்டேன், "தேய்மானம் இருக்கிறவங்க நடக்கலாமா டாக்டர்?" என்று. "நடக்காமல் இருந்தால்தான் மோசம். முட்டியைத் தாங்குவது தொடைத் தசை. அது சும்மா கிடந்தால் இளைத்துப் போய்விடும், பாரம் முழுக்க எலும்பின் மேல் விழும்" என்றார். என் நாத்தனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று வருஷமாக எண்ணெய் தடவித் தடவிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். அந்த வாரம்தான் அவள் மகள் கொல்லிமலைப் பேச்சை எடுத்தாள். வழக்கம்போல "நீங்க போயிட்டு வாங்க" என்று ஆரம்பித்தவளை, "இந்தத் தடவை நீயும் இறங்கற. இன்னும் இரண்டு மாசம் இருக்கு" என்று அடக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டு மாடிக்கு 18 படி. மேடில்லாத ஊரில் அதுதான் எங்களுக்கு மலை. ஆனால் டாக்டர் முதல் இரண்டு வாரம் படிப்பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். பத்துத் தடவை. கேட்க சுலபம், முதல் நாள் நாலாவது தடவையிலேயே அவள் தொடை நடுங்கிற்று. பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து, மற்றக் காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி மெள்ள இறக்குவது. சாயந்திரம் கடற்கரையில் நடை, அதுவும் கால் புதையாத ஈர மணலில்.

மூன்றாவது வாரம் மாடிப்படி. காலையில் மூன்று முறை, மாலையில் மூன்று முறை. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. இது ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், முட்டி வலிக்காரர்களுக்கு இது பெரிய உதவி. கைத்தடி வைத்துக்கொள்வதானால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம்மில் பலர் வலிக்கிற பக்கமே ஊன்றிக்கொண்டு நடக்கிறோம்.

மார்கழி முடிகிறபோது ஒரே மூச்சில் இருபது தடவை ஏறி இறங்கினாள். எடையும் 2 கிலோ குறைந்திருந்தது. இரண்டு கிலோ ஒரு பிரமாதமா என்று நினைக்காதீர்கள். உடம்பில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறதாம். ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பொங்கல் கழித்து ரயிலில் திருச்சி. முதல் நாள் மலைக்கோட்டையில் பரீட்சை வைத்தேன். உச்சிப் பிள்ளையார் வரைக்கும் 400 படிக்கு மேல். தாயுமானவர் சன்னதியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மெதுவாக மேலே போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்கு வர்ற தண்ணி இதுதானே அண்ணி" என்றாள். பாஸ்!

மறுநாள் காரில் நாமக்கல், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. காரவள்ளியில் ஆரம்பிக்கின்றன கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எண்ணிக்கொண்டு போனால் வயிற்றைப் புரட்டுவது கொஞ்சம் மறக்கும். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், பூரி மசாலாவை முழுங்கிவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். வாயில் ஒரு துண்டு இஞ்சி. புரட்டல் அதிகம் உள்ளவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பார்வையை வைக்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்த எங்கள் வீட்டுப் பெண் 40ஆவது வளைவில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

மேலே போனதும் காற்றே வேறு. மலை 1000 முதல் 1300 மீட்டர் உயரம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது, அடியில் காப்பிச் செடி. பலா மரங்களைச் சொல்லி முடியாது. செம்மேட்டில் வில்லோடு நிற்கிறார் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலைக்கு ராஜா. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தினார் என்று புறநானூற்றில் வருகிறது. ஆடிப் பெருக்கை ஒட்டி அவருக்கு அரசாங்கமே விழா எடுக்கிறது.

அறப்பளீசுவரர் கோயிலில் தரிசனம் முடித்தோம். பக்கத்திலேயே அய்யாறு ஓடுகிறது. அதில் மீன்கள் துள்ளுகின்றன. அறுத்துச் சமைக்கப் போன மீனுக்கு சுவாமி மறுபடி உயிர் கொடுத்தார் என்று ஸ்தல புராணம். அதனால் மீன்களுக்குப் பொரி போடுவது இங்கே விசேஷம். இந்த அய்யாறுதான் கொஞ்ச தூரம் போய், சுமார் 300 அடி கீழே ஆகாயகங்கையாக விழுகிறது. விழுந்து, புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்கிக் காவிரியோடு சேர்கிறது.

கோயிலை ஒட்டியே படிகள் ஆரம்பம். இங்கேதான் நம் பெண்மணிகள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பழனியிலோ திருச்சியிலோ பாதி ஏறியதும் முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ். முதலில் இறக்கம். உற்சாகமாக இறங்கிவிட்டு, களைத்த பிறகு ஏற வேண்டும். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் படி இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் முட்டி தாங்குகிறது. தொடைத் தசைதான் பிரேக். ஏறும்போது அந்த வேலை இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகிறது. ஆகவே முட்டிக்காரர்களுக்கு இறக்கம் பரீட்சை, இருதயக்காரர்களுக்கும் பிரஷர்காரர்களுக்கும் ஏற்றம் பரீட்சை. அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, இடுப்பில் நாலு சாக்லேட்டோ வெல்லக் கட்டியோ இருக்கட்டும்.

இன்னொன்று, நம்மவர்கள் வெளியில் சொல்லாத சங்கதி. வழியில் "ஒதுங்க" இடமிருக்காதே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்பிவிடுவோம். ஆயிரம் படி வேர்க்கப் போகிற உடம்புக்கு இது பெரிய கொடுமை. மேலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே நடங்கள். நாங்கள் உப்புப் போட்ட நீர்மோரை ஒரு பிளாஸ்க்கில் எடுத்துப் போனோம்.

நாத்தனாருக்கு அவள் மகளின் சுடிதார், கான்வாஸ் ஷூ. வாழ்க்கையில் முதல் தடவை! காலைக் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். நனைந்த புடவையைச் சுமந்துகொண்டு ஆயிரம் படி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்று வழியில் சிலரிடம் கண்ணாலேயே பார்த்தோம்.

முதல் படியில் நின்று கீழே பார்த்தாள். மரங்கள்தான் தெரிந்தன, அருவி தெரியவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, நான் பையைப் பார்த்துக்கறேனே" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பையைக் கார் டிரைவரிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, "நம்ம அம்மையார் கைலாசத்தைத் தலையாலேயே ஏறினாங்க. நான் காலாலே இறங்கறேன், அவ்வளவுதானே" என்று தடியை ஊன்றினாள். மாங்கனித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போகிற எங்களுக்கு அது வெறும் வாய் வார்த்தை இல்லை.

ஐம்பது படிக்கு ஒரு தடவை நின்றோம். பெண்ணோ தடதடவென்று குதித்து இறங்கிக் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். படிகள் ஒரே அளவாக இல்லை. சில இடத்தில் முழ உயரம் இருக்கும் போலத் தோன்றுகிறது. அங்கெல்லாம் நாத்தனார் பக்கவாட்டில் திரும்பி இறங்கினாள். குரங்குகள் உண்டு. கையில் தின்பண்டம் தெரிந்தால் விடாது, பிளாஸ்டிக் பை சரசரத்தாலே வந்துவிடும். அறுநூறு படி தாண்டியிருக்கும், வலது முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தாள். நான் உள்ளுக்குள் பயந்துதான் போனேன். இங்கிருந்து மேலேயும் தூரம், கீழேயும் தூரம். பத்து நிமிஷம் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். அப்போது எங்களைக் கடந்து ஒரு மலைவாழ் அம்மாள், எங்கள் வயதுதான் இருக்கும், தலையில் அன்னாசிக் கூடையோடு ஒரு பெருமூச்சுக்கூட இல்லாமல் இறங்கிப் போனாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "சரி, எழுந்திரு" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அருவி முதலில் காதுக்குத்தான் வருகிறது. பிறகு முகத்தில் சாரல். கடைசித் திருப்பத்தில் ஆளை நிறுத்திவிடுகிறது! அண்ணாந்து பார்த்தால் பாறை உச்சியிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் பறந்து வருகிறது. பாதி தண்ணீர், பாதி புகை. தை மாதமானதால் மழைக் கால வெள்ளத்தின் முரட்டுத்தனம் இல்லை, கோடையின் வறட்சியும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் அதிகமானால் வனத்துறையினர் குளிக்க விடமாட்டார்கள். மாலை நெருங்கினாலும் கீழே இறங்க அனுமதி கிடையாது. அவர்களோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. பாறைகள் பாசி வழுக்கல், கையைக் கோத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சோப்பு, ஷாம்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கீழே அந்தத் தண்ணீரை எத்தனை ஊர் குடிக்கிறதோ.

தண்ணீர் தோளில் விழுந்ததும் நாத்தனார் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. குளிருக்கா சந்தோஷத்துக்கா தெரியவில்லை. அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை.

ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாளிடமே உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசி வாங்கித் தின்றோம். அவர்கள் வீட்டில் முன்பெல்லாம் சாமை, தினை, கேழ்வரகுதானாம். பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்கு விற்க மரவள்ளிக் கிழங்கு போட்டால் காசு வருகிறது என்று பல காடுகள் மாறிவிட்டன. சாமையைக் குத்திப் புடைப்பது பெண்களுக்கு நாள் முழுக்க இடுப்பொடிகிற வேலையாக இருந்ததும் ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் அரவை இயந்திரங்கள் வைக்க உதவி, சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டது. நான் இரண்டு கிலோ சாமை வாங்கி வந்தேன். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், இந்த மலை மிளகையே நெய்யில் பொரித்துப் போட்டால் பொங்கல் அபாரம். வேகிறபோதே கிளறிக்கொண்டிருக்காதீர்கள், குழைந்துவிடும்.

பழக்கமில்லாத தசைக்கு வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, படுத்துவிடாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தால் தானாகச் சரியாகும். முட்டி வீங்கினால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நாத்தனாருக்கு வீக்கமில்லை, தொடை மட்டும் இரண்டு நாள் கனத்திருந்தது. தடதடவென்று குதித்து இறங்கினாளே, அந்தப் பெண்தான் நாலு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாடி அறையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள்: "அத்தை, சாப்பாட்டை யாராவது மேலே கொண்டு வந்து கொடுங்களேன்!"

தட்டை எடுத்துக்கொண்டு ஏறியது அவள் அம்மா.